26 வாட்டிலிருந்து அரை வாட்டுக்கு: ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-110 நுண்செயலி – ஒரு நிகழ்வு ஆய்வு

1996 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட எஸ்ஏ-110 நுண்செயலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வேகத்தைத்தான் முதலில் சொல்வார்கள். கையடக்கக் கருவிகளின் செயலிகள் 20, 40 மெகாஹெர்ட்ஸில் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் இது அரை வாட்டுக்கும் குறைந்த மின்சாரத்தில் 160 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறொன்று. இதை வடிவமைத்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் (டெக்) பொறியாளர்களில் முக்கியமானவர்கள் அதற்குமுன் பெயர் வாங்கியது ஆல்ஃபா செயலியால். அது வேகத்துக்கும் மின்சாரப் பசிக்கும் ஒருசேரப் பேர்போனது. அந்தக் குழு, தான் மிச்சம்பிடித்த ஒவ்வொரு வாட்டும் எங்கிருந்து வந்தது என்று தானே கணக்கெழுதி வெளியிட்டது. இந்த ஆய்வு அந்தக் கணக்கை வரிவரியாகப் பார்க்கிறது. கணக்கில் ஏறாத செலவுகள் யார் தலையில் விழுந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது.

ஆல்ஃபாவை விட்டு ஆர்முக்கு

1992இல் வெளிவந்த ஆல்ஃபா 21064 ஒரு 64-பிட் செயலி. 0.75 மைக்ரான் உற்பத்தி நுட்பத்தில் செய்யப்பட்டது, 3.45 வோல்ட்டில் 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது 26 வாட் செலவழித்தது. மின்விசிறியும் வெப்பத்தகடும் உள்ள பெட்டிக்குள் அதற்கு இடம் உண்டு. பேட்டரியில் ஓடும் கருவிக்குள் இல்லை. டெக் பொறியாளர்கள் முதலில் யோசித்ததும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஓர் ஆல்ஃபாவைத்தான். அது நடக்காது என்று விரைவிலேயே தெரிந்துவிட்டது. 64-பிட் அகலத்துக்குக் கட்டளைத் தொகுதியே (செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல்) உறுதி கொடுத்திருக்கும்போது, அந்த அகலத்துக்கான மின்சாரத்தையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எனவே பார்வை ஆர்ம் பக்கம் திரும்பியது. பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனத்தில் பிறந்த கட்டளைத் தொகுதி அது. 1985 ஏப்ரலில் கைக்கு வந்த முதல் ஆர்ம் சில்லில் சுமார் 25,000 டிரான்சிஸ்டர்களே இருந்தன. 1990இல் ஏக்கார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ டெக்னாலஜி மூன்றும் சேர்ந்து ஆர்மைத் தனி நிறுவனமாக்கின. ஆப்பிளின் நியூட்டன் கையடக்கக் கருவி 1993இல் 20 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம்610 செயலியோடு வந்தது. கையெழுத்தைப் படித்தறியும் வேலைக்கு அந்த வேகம் போதவில்லை. வேகமான ஆர்ம் வேண்டும் என்ற தேவை அங்கே காத்திருந்தது.

1995 பிப்ரவரியில் டெக்–ஆர்ம் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. ஆர்மின் ஆயத்த வடிவமைப்பை வாங்கி அச்சிடும் வழக்கமான உரிமம் அல்ல இது. கட்டளைத் தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளமைப்பு முழுவதையும் டெக் புதிதாக வரைந்தது. டேன் டாபர்புல், ரிச்சர்ட் விடெக், ஜிம் மான்டனாரோ முதலியோர் இதில் முன்னின்றார்கள். இந்த உரிமை இல்லாவிட்டால் கீழே வரும் கணக்கில் பாதி வரிகள் எழுதப்பட்டிருக்கவே முடியாது.

ஐந்து வரிக் கணக்கு

தொடக்கம் ஆல்ஃபாவின் 26 வாட். முதல் வரி மின்னழுத்தம்: 3.45 வோல்ட்டை 1.5 வோல்ட்டாக இறக்கினால் மின்செலவு 5.3 மடங்கு குறைகிறது, 4.9 வாட். இரண்டாவது, தேவையற்ற உறுப்புகளை விடுவது: 64-பிட் அகலம் வேண்டாம், தசம எண்களுக்கான மிதவைப் புள்ளிக் கணிப்பகம் வேண்டாம், ஒரே கடிகாரச் சுற்றில் (செயலியின் ஒரு துடிப்பில்) இரண்டு கட்டளைகளை அனுப்பும் ஏற்பாடும் வேண்டாம். மூன்று மடங்கு குறைந்து 1.6 வாட். மூன்றாவது, 0.75 மைக்ரானிலிருந்து 0.35 மைக்ரான் நுட்பத்துக்கு மாறுவது. இரண்டு மடங்கு, 0.8 வாட். நான்காவது, எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் ஓட்டும் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் கம்பிகளின் சுமையைக் குறைப்பது, 1.3 மடங்கு, 0.6 வாட். ஐந்தாவது, 200 மெகாஹெர்ட்ஸை 160 ஆக்குவது, 1.25 மடங்கு, 0.5 வாட்.

இந்தப் பட்டியலில் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்லக்கூடியது நான்காவது வரி மட்டும்தான். அதன் பங்கு 1.3. பெரிய சேமிப்பு இரண்டும் வந்தது இயற்பியலின் அடிப்படை விதியிலிருந்தும் 'வேண்டாம்' என்று சொன்னதிலிருந்தும். சில்லுகள் செய்யப் பயன்படும் சிமாஸ் வகை மின்சுற்றின் இயங்குநிலை மின்செலவு மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருபடி, அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இருபடியாக வருவது மின்னழுத்தம் மட்டுமே என்பதால், அங்கே கைவைப்பவருக்கே அதிக ஆதாயம். இதைப் பொறியியல் மாணவர் எவரும் அறிவார். அதைத் தயங்காமல் கடைசிவரை கொண்டுபோனதில்தான் இந்தக் குழு தனித்து நிற்கிறது.

கணக்கை நான் ஒருமுறை சரிபார்த்தேன். வெளியிடப்பட்ட சில்லின் இயல்பு மின்னழுத்தம் 1.5 அல்ல, 1.65 வோல்ட். அந்த எண்ணை இட்டால் முதல் வரியில் 5.3க்குப் பதில் 4.4 மடங்குதான் கிடைக்கும். மற்ற வரிகளை அப்படியே வைத்தால் கடைசியில் 0.61 வாட் வரும். ஆனால் 1.65 வோல்ட்டில் 160 மெகாஹெர்ட்ஸில் 450 மில்லிவாட்டுக்கும் குறைவு என்றுதான் அறிவித்தார்கள். அப்படியானால் மற்ற வரிகளில் ஏதோ ஒன்றோ பலவோ எழுதியதைவிட அதிகம் சேமித்திருக்கின்றன. முழு எண்களுக்கு அருகில் திருத்தப்பட்ட '3 மடங்கு', '2 மடங்கு' ஆகியவற்றையே நான் சந்தேகிப்பேன். அதோடு, 450 மில்லிவாட் என்பது டிரைஸ்டோன் சோதனை நிரலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட எண். அந்த நிரல் கேஷ் நினைவகத்துக்குள்ளேயே (அடிக்கடி வேண்டியதைச் சில்லுக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு வேக நினைவகம்) அடங்கிவிடும். சில்லை வெளியுலகோடு இணைக்கும் ஊசிகளுக்கு அப்போது வேலை குறைவு.

மெதுவாக ஓட்டினால் மின்சாரம் மிஞ்சுமா?

எஸ்ஏ-110க்கு மூன்று இயக்க நிலைகள் வெளியிடப்பட்டன. 1.65 வோல்ட்டில் 100 மெகாஹெர்ட்ஸ், 300 மில்லிவாட்டுக்குக் கீழே. அதே 1.65 வோல்ட்டில் 160 மெகாஹெர்ட்ஸ், 450 மில்லிவாட்டுக்குக் கீழே. 2.0 வோல்ட்டில் 200 மெகாஹெர்ட்ஸ், 900 மில்லிவாட்டுக்குக் கீழே. வாட்டைச் சுற்றுகளால் வகுத்துப் பார்த்தால் ஒரு கடிகாரச் சுற்றுக்கு முதல் நிலையில் சுமார் 3 நானோஜூல், இரண்டாவதில் 2.8, மூன்றாவதில் 4.5.

முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு வேலையை முடிக்க இத்தனை சுற்றுகள் வேண்டும் என்றால், அதை 100 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் 160இல் ஓட்டினாலும் பேட்டரியிலிருந்து போகும் ஆற்றல் அதேதான். மெதுவாக ஓட்டுவதால் காத்திருப்பு மட்டுமே கூடும். மின்னழுத்தத்தை 2.0 ஆக ஏற்றியதும் ஒவ்வொரு சுற்றின் விலையும் உயர்ந்துவிடுகிறது. 160இலிருந்து 200க்குப் போக 25 விழுக்காடு வேகம் கிடைக்கிறது. கொடுப்பதோ இரண்டு மடங்கு வாட். மில்லிவாட்டை மட்டும் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்றும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கூட்டலுக்கு 8 விழுக்காடு

சில்லின் உள்ளே மின்சாரம் எப்படிப் பிரிந்து போனது என்ற பங்கீடும் வெளியானது. கட்டளைக் கேஷ் 27 விழுக்காடு, கட்டளைகளைப் பிரித்தறிந்து அனுப்பும் பகுதி 18, தரவுக் கேஷ் 16, கடிகாரம் 10, கட்டளை முகவரி மாற்றி (நிரல் கேட்கும் முகவரியை நினைவகத்தின் உண்மை முகவரியாக்குவது) 9, தரவு முகவரி மாற்றி 8. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிட் நகர்த்தல் எல்லாம் நடக்கும் கணிப்பகம் வெறும் 8. எழுத வேண்டியதைச் சற்றே தாங்கிவைக்கும் எழுதிடை நினைவகமும் வெளித்தொடர்புப் பகுதியும் ஆளுக்கு 2.

செயலி என்றாலே கணக்கிடும் பொறி என்று நினைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் அதிர்ச்சி தரும். கட்டளை தொடர்பான மூன்று வரிகளைக் கூட்டினால் 54 விழுக்காடு. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே பாதிக்கு மேல் செலவு. அதனால்தான் வடிவமைப்பாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி கேஷ் அமைப்பில் போனது. சில்லின் 25 லட்சம் டிரான்சிஸ்டர்களில் 90 விழுக்காடு இரண்டு கேஷ்களில்தான் இருந்தன.

ஒவ்வொரு கேஷும் 16 கிலோபைட். 32 பைட் கொண்ட 32 வரிகள் சேர்ந்து ஒரு வங்கி. அப்படி 16 வங்கிகள். முகவரியைப் பார்த்தவுடன் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். கேஷின் அந்தச் சிறு பகுதியை மட்டும் விழிக்கவைத்தால் போதும். வங்கிக்குள் 32 வரிகளின் அடையாளக் குறிகளும் ஒரே நேரத்தில் ஒப்பிடப்படுகின்றன. பொருந்திய வரியின் தரவு மட்டுமே வெளியே வாசிக்கப்படுகிறது. வழக்கமான நால்வழிக் கேஷில் நான்கு வரிகளின் தரவையும் வாசித்துவிட்டு மூன்றைத் தூக்கிப்போடுவதுண்டு. அந்த வீண்செலவு இங்கே இல்லை. 32 வழி இணைப்பு என்பதைக் கேட்டதும், தேடியது கேஷில் இல்லாமல் போகும் தவறுதல் விகிதத்தைக் குறைக்கச் செய்த ஆடம்பரம் என்று தோன்றும். உண்மையில் ஒரே சுற்றில் பதில் வேண்டும், சிறு பகுதியை மட்டுமே எழுப்ப வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளின் விளைவு அது.

கடிகாரத்தின் 10 விழுக்காடும் கவனிக்கத்தக்கது. ஆல்ஃபாவில் கடிகாரம் மின்செலவின் மிகப் பெரும் கூறாக இருந்தது. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் தரவு இரண்டு லாட்ச்களை (தரவைத் தாங்கி நிறுத்தும் சிறு மின்சுற்றுகள்) கடந்தது. இங்கே விளிம்பில் இயங்கும் ஒரே ஃபிளிப்-ஃபிளாப். கடிகாரம் இழுக்க வேண்டிய சுமை அதனால் குறைந்தது. வேலையில்லாத பகுதிகளுக்குக் கடிகாரத் துடிப்பை அனுப்பாமல் நிறுத்தும் வாயில்களும் சேர்க்கப்பட்டன. அந்த ஃபிளிப்-ஃபிளாப்பின் உள்ளே இருக்கும் உணர்பெருக்கிச் சுற்று இன்று 'ஸ்ட்ராங்ஆர்ம் லாட்ச்' என்ற பெயரில் ஒப்பமைவு–இலக்க மாற்றிகளில் பரவலாகப் பயன்படுகிறது. அதன் கருவை முன்பே வெளியிட்டவர்கள் தோஷிபா பொறியாளர்கள். பெயர் மட்டும் இங்கே ஒட்டிக்கொண்டது.

வேகம் எங்கிருந்து வந்தது

முந்தைய ஆர்ம் செயலிகளில் மூன்று நிலை பைப்லைனும் (கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டம் கட்டமாக நகர்த்தும் வரிசை), கட்டளைக்கும் தரவுக்கும் பொதுவான ஒற்றைக் கேஷும் இருந்தன. நினைவகத்திலிருந்து தரவைப் படிக்கும் கட்டளை ஓடும்போது அடுத்த கட்டளையை எடுக்க வழியில்லை; இரண்டுக்கும் ஒரே வாசல். எஸ்ஏ-110 கேஷை இரண்டாகப் பிரித்து, பைப்லைனை ஐந்து நிலையாக்கியது. ஒரு கட்டளையின் விடை பதிவகத்தில் (செயலிக்குள் இருக்கும் தற்காலிகச் சேமிப்பிடம்) எழுதப்படும்வரை காத்திருக்காமல் அடுத்த கட்டளைக்கு நேரே கொடுக்கும் குறுக்குவழிகளும் வந்தன. பெருக்கி ஒரு சுற்றுக்கு 12 பிட் வீதம் தின்றது. 32-பிட் எண்ணுக்கு மூன்று சுற்றுகள் போதும்.

நிரல் தன் வரிசையை விட்டு வேறிடத்துக்குப் போகும் கிளைத் தாவலுக்கு, தாவுமா என்று ஊகிக்கும் எந்த முன்கணிப்பும் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, தாவ வேண்டிய முகவரியை இரண்டாம் நிலையிலேயே கணக்கிட ஒரு தனிக் கூட்டி. தாவினால் ஒரே ஒரு சுற்று இழப்பு. முன்கணிப்பு அட்டவணை ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரம் தின்னும். கூட்டி அவ்வளவு கேட்காது. இந்தச் சில்லிலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

பலன்: 160 மெகாஹெர்ட்ஸில் 185 டிரைஸ்டோன் மிப்ஸ் (அந்தச் சோதனை நிரலால் அளக்கும் வேக அலகு). ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 1.16. அதே காலத்தில் ஆர்ம் நிறுவனம் தானே வடிவமைத்த ஆர்ம்810 சில்லும் ஐந்து நிலை பைப்லைன் கொண்டதுதான். ஆனால் அதன் வேகம் 72 மெகாஹெர்ட்ஸ். ஒரே கட்டளைத் தொகுதி, ஒரே எண்ணிக்கையிலான நிலைகள், இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. டெக்கின் உற்பத்தி நுட்பம் ஒரு காரணம். ஒவ்வொரு மின்சுற்றையும் கையால் செதுக்கும் ஆல்ஃபா காலத்துப் பழக்கம் இன்னொன்று.

கசிவு என்ற கடன்

1.5 வோல்ட்டில் வேகமாக ஓட வேண்டுமானால் டிரான்சிஸ்டர் சீக்கிரம் திறக்க வேண்டும். அதற்காக, அது திறக்கத் தொடங்கும் பயன்தொடக்க மின்னழுத்தத்தை 0.35 வோல்ட் அளவுக்கு இறக்கினார்கள். சீக்கிரம் திறக்கும் டிரான்சிஸ்டர் இறுக மூடவும் செய்யாது. வேலையே இல்லாதபோதும் மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும். கருவி பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும் என்பதால் இது சிறு விஷயமல்ல.

கேஷ் அணிகளிலும், வெளி ஊசிகளை இயக்கும் சுற்றுகளிலும் டிரான்சிஸ்டர்களின் வழித்தட நீளத்தைச் சற்றே கூட்டிக் கசிவை அடக்கினார்கள். சில்லின் 90 விழுக்காடு டிரான்சிஸ்டர்கள் கேஷில் இருந்ததால் இந்த ஒரு திருத்தம் பெரும்பகுதியை எட்டியது. மேலும் இரண்டு ஓய்வு நிலைகள் உண்டு. ஒன்றில் கடிகாரப் பெருக்கி ஓடிக்கொண்டே இருக்கும், மற்றவை நிற்கும். செலவு 20 மில்லிவாட்டுக்குள். மற்றொன்றில் உள் மின்சாரத்தையே துண்டித்து, ஊசிகளின் நிலையை மட்டும் தக்கவைப்பார்கள். அப்போது பதிவகங்களில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். முன்கூட்டியே சேமித்துவைப்பது மென்பொருளின் பொறுப்பு.

கணக்கில் ஏறாத செலவு

இந்தச் செயலி வந்து சேர்ந்த முக்கியமான வீடுகளில் ஒன்று ஏக்கார்னின் ரிஸ்க் பிசி கணினி. முதலில் 30 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம்610, பிறகு 40 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம்710 இருந்த அட்டை இடத்தில் 202 மெகாஹெர்ட்ஸ் எஸ்ஏ-110ஐச் செருகலாம். பழைய ஊசி முறையோடு ஒத்துப்போகும்படி வடிவமைத்ததன் பலன் அது. ஆனால் செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் கணினியின் தரவுப் பாட்டை 16 மெகாஹெர்ட்ஸிலேயே இருந்தது.

பாட்டையின் ஒரு சுற்று என்பது செயலியின் சுமார் 12.6 சுற்றுகள். கேஷில் இல்லாத ஒரு வரியைக் கொண்டுவரப் பாட்டையில் 10 சுற்றுகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். செயலி 126 சுற்றுகள் காத்திருக்கும். நூறு கட்டளைக்கு ஒரு தவறுதல் என்றாலே பாதி நேரத்துக்கு மேல் காத்திருப்பில் போய்விடும். கேஷில் அடங்கும் சிறு நிரல்கள் பறந்தன; பெரிய படங்களைக் கையாளும் நிரல்கள் எதிர்பார்த்த பாய்ச்சலைக் காட்டவில்லை.

அதைவிடத் தொல்லை தந்தது கேஷ் பிரிப்பு. ஒரு நிரல் புதிய கட்டளைகளைத் தானே உருவாக்கி நினைவகத்தில் எழுதினால் அவை தரவுக் கேஷில் தங்கிவிடும். கட்டளைக் கேஷுக்கு அந்தச் செய்தியே போகாது. பொதுக் கேஷ் இருந்த காலத்தில் இந்த உத்தியை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் எஸ்ஏ-110இல் பழைய கட்டளையையே மறுபடி ஓட்டிச் சரிந்தன. நிரல் எண்ணியின் (நிரல் எந்தக் கட்டளையில் இருக்கிறது என்று காட்டும் பதிவகம்) மதிப்பை நினைவகத்தில் எழுதும்போது முன்பு 12 பைட் தள்ளி வந்தது, இங்கே 8 பைட் தள்ளி வந்தது. அதை நம்பியிருந்தவையும் உடைந்தன. இயங்குதளமே ரிஸ்க் ஓஎஸ் 3.7 என்று புதிதாக வர வேண்டியதாயிற்று.

தரவுக் கேஷில் உள்ளதை முழுவதும் நினைவகத்துக்குத் துடைத்தனுப்ப ஒற்றைக் கட்டளையும் கிடையாது. மென்பொருள் வேறொரு 16 கிலோபைட் பரப்பை வரிவரியாகப் படித்து, பழைய வரிகளை வெளியே தள்ள வேண்டும். வன்பொருளில் மிச்சம்பிடித்த ஒரு சிறு மின்சுற்றின் விலையை ஒவ்வொரு இயங்குதள ஆசிரியரும் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். மற்ற விடுபடல்களை நான் பாராட்டுவேன், இதை மாட்டேன்.

பிறகு

1997இல் நியூட்டன் மெசேஜ்பேட் 2000 இந்தச் செயலியோடு 162 மெகாஹெர்ட்ஸில் வந்தது. கடிகாரத் துடிப்பைத் தரும் 3.68 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் வேகத்தை 44ஆல் பெருக்கினால் கிடைக்கும் வேகம் அது. முதல் நியூட்டனைப்போல எட்டு மடங்கு. அதே ஆண்டு மே மாதம் டெக் இன்டெல் மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. அக்டோபரில் எட்டிய சமரசத்தில் மாசசூசெட்ஸின் ஹட்சன் ஆலையும் ஸ்ட்ராங்ஆர்மும் 70 கோடி டாலருக்கு இன்டெல் கைக்குப் போயின. வடிவமைப்பாளர்கள் பலர் உடன் போகவில்லை.

எஸ்ஏ-110இன் உண்மையான குறையைத் தொட்டது அடுத்து வந்த எஸ்ஏ-1100. நினைவகக் கட்டுப்பாட்டகம், திரை இயக்கி, அட்டைச் செருகி இணைப்பு எல்லாம் சில்லுக்குள்ளேயே வந்தன. நினைவகத்தை எட்டும் பாதை குறுகியது. அவற்றுக்கு இடம் விட்டதில் தரவுக் கேஷ் 16 கிலோபைட்டிலிருந்து 8 ஆனது. 1999இன் எஸ்ஏ-1110 ஒத்தியங்கு நினைவகச் (எஸ்டிராம்) சில்லுகளை நேரடியாக ஏற்றது. காம்பேக் ஐபேக் கருவியில் 206 மெகாஹெர்ட்ஸில், அதாவது அதே படிகத்தின் 56 மடங்கில் ஓடியது. தரவுக் கேஷைத் துடைக்க ஒற்றைக் கட்டளை அப்போதும் வரவில்லை. ஆனால் கேஷ் பாதியாகிவிட்டதால், அதற்காகப் படித்துத் தள்ள வேண்டிய பரப்பும் பாதியானது.